மழை = 25

நேரலையில் பைத்தான் சொல்லிக்கொடுக்கத் தயாராகும்போது என் நேரம் பெரும்பாலும் ஓர் உதாரணத்தைத் தேடுவதிலேயே போகிறது. ஒரு வகுப்புக்கு வேண்டிய இலக்கணத்தை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். அதை எந்தக் கணக்கின் மேல் ஏற்றிச் சொல்வது என்பதுதான் பாடு. ஊழியர் சம்பளம், வங்கி இருப்பு, மதிப்பெண் பட்டியல் என்று புத்தகங்களில் வரும் உதாரணங்களில் விடை தப்பாக வந்தாலும் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. நேரில் நடக்கும் வகுப்பென்றால் வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு திரையையும் எட்டிப் பார்த்துவிடலாம். நேரலையில் எனக்கு எதிரே இருப்பவை கேமராவை அணைத்துவைத்த கறுப்புக் கட்டங்கள். தப்பு வந்திருப்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்தால்தான் உண்டு.

அப்படிக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்பது அவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்க வேண்டும். காரியாபட்டிப் பக்கம் சின்னப் பிள்ளை முதல் பெரியவர் வரை அறிந்த கணக்கு மழைக் கணக்குதான். வானம் பார்த்த பூமி இது. ராத்திரி பெய்தது உழவுக்குக் காணுமா, கண்மாயில் தண்ணீர் ஏறியதா என்று விடிந்ததும் பேச ஆரம்பித்துவிடுவோம். காலை எட்டரையோடு முடியும் 24 மணி நேர மழையளவு காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, கோவிலாங்குளம் என்று ஊர்வாரியாக வெளியாகிறது. பட்டியல், அகராதி, வரிசைப்படுத்தல் எல்லாவற்றையும் இந்த ஒரு தரவை வைத்தே நடத்திவிடலாம்.

முதல் வகுப்புக்குப் பெருக்கல் ஒன்றே போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். ஆக, 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 1,01,175 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி என்றால் எட்டு லாரிக்கு மேலே. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றவர்களுக்கு இந்த எண் மனதில் நின்றுவிடும். அதன் பிறகு திரையில் நூறோ கோடியோ வந்தால் எங்கோ இடிக்கிறது என்று அவர்களே சொல்வார்கள்.

நிரலின் முதல் வரி ‘மழை = 25’. 2008இல் பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். விசைப்பலகையைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றித் தட்டுவது தொல்லைதான். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலப் பெயர்கள்தான் இருக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் முதல் சில வகுப்புகளில் இதை விடமாட்டேன். சமன்குறிக்கு இடப்பக்கம் இருப்பது நாம் வைக்கும் பெயர், பைத்தானுக்குச் சொந்தமான சொல் இல்லை என்பது தமிழில் எழுதும்போது பளிச்சென்று பிரிந்து தெரிகிறது. அதை ஆங்கிலத்தில் விளக்க ரொம்ப நேரம் பிடிக்கும்.

அடுத்து, மழையளவை நிரலுக்குள் எழுதாமல் இன்புட் கொண்டு கேட்டு வாங்குவோம். நான் அதிகம் யோசித்துத் திட்டமிடும் இடம் இதுதான். இன்புட் எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே தரும். 25 என்று தட்டினாலும் அது எண்ணாகாது, இரண்டு எழுத்துகள்தான். அதை 4,047ஆல் பெருக்கச் சொன்னால் பைத்தான் பிழை என்று மறுக்காது. 25 என்பதையே 4,047 தடவை அடுத்தடுத்து எழுதித் தள்ளும். 8,094 இலக்கங்கள் திரையை நிறைத்து ஓடும். இதை முன்கூட்டியே எச்சரித்துத் தவிர்க்கலாம். நான் வேண்டுமென்றே ஓடவிட்டு, ஒன்றும் பேசாமல் காத்திருப்பேன். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் குறிப்பில் எழுதிவைக்கிறேன். நேரலையில் மௌனம் நமக்கு ரொம்ப நீளமாகத் தெரியும், பதறிப்போய் விடையைச் சொல்லிவிடுவோம். கொஞ்சம் பொறுத்தால் அரட்டைப் பெட்டியில் யாராவது எழுதுவார்கள்: “அக்கா, இம்புட்டு மழை பெஞ்சா ஊரே இருக்காதே!” அதற்குப் பிறகு சரத்தையும் எண்ணையும் பற்றி நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

இன்ட் போட்டு எண்ணாக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். உடனே உண்மையான மழையளவு ஒன்றைக் கொடுக்கச் சொல்வேன். 12.4 என்று தட்டியவர்களுக்கு வேல்யூ எரர் வரும், ஏனென்றால் புள்ளி வைத்த சரத்தை இன்ட் ஏற்காது. சிவப்பாக வரும் அந்தச் செய்தியைக் கண்டதும் பலர் திரையை மூடிவிடுவார்கள். அதனால் செய்தியின் கடைசி வரியை முதலில் வாசிக்கச் சொல்லி, நானும் சத்தமாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்வேன். பிழைச்செய்தியை வாசிக்கத் தெரிந்தவர் நான் இல்லாமலும் முன்னேறிவிடுவார். ஃபுளோட் என்ற தீர்வு வருவது அதற்குப் பிறகுதான்.

சொல்லக் கூடாதவற்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். இரண்டு தூறலைக் கூட்டும் ஒருவர் இதைக் கண்டுபிடித்துக் கேட்பார். இருமஎண் விளக்கத்துக்குள் இறங்கினால் வகுப்பு அங்கேயே நின்றுபோகும். ரவுண்ட் போடச் சொல்லிவிட்டு, காரணத்தைத் தனியாக ஒருநாள் பார்ப்போம் என்று கடந்துவிடுவேன்.

எதையும் முன்பே எழுதிவைத்து ஒட்டுவதில்லை, எல்லாவற்றையும் அவர்கள் கண் முன்னே தட்டுகிறேன். ஆய்வுக்கூட விஞ்ஞானிகளுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1998இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பட்டறைகள் இந்த முறையையே வலியுறுத்துகின்றன. ஆசிரியர் தட்டத் தட்ட மாணவரும் தட்டுவார். ஆசிரியரின் வேகம் தானாகக் குறையும், அவர் எப்படி யோசிக்கிறார் என்பதும் வெளியே தெரியும். அந்தப் பட்டறைகளில் மடிக்கணினி மேல் ஒட்டும் வண்ணச் சீட்டைப் பார்த்தே யார் முடித்தார், யாருக்கு உதவி வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். எனக்குச் சீட்டுக்குப் பதில் அரட்டைப் பெட்டி: முடித்தவர் ‘ஆச்சு’ என்றும், சிக்கியவர் ‘நிக்குது’ என்றும் எழுதுவார். எந்த வரிகளுக்குப் பிறகு இதைக் கேட்பது என்று முதல் நாளே குறித்துக்கொள்கிறேன்.

வகுப்புக்கு வருபவர்களில் பாதிப்பேர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். ஆகையால் பழைய கைபேசி ஒன்றில் நானே மாணவியாக உள்ளே நுழைந்து என் திரையைப் பார்த்துவிடுவேன். எழுத்து பெரிதாக, வெள்ளைப் பின்னணியில், திரையின் மேல்பாதியில் இருக்க வேண்டும். கீழே எழுதினால் கைபேசியின் பொத்தான்கள் மறைத்துக்கொள்ளும். கணினி இல்லாதவர்களுக்குப் பைட்ராய்டு செயலியோ கூகுள் கோலாபோ போதும்.

ராத்திரி எட்டு மணி என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. துபாயில் அப்போது ஆறரை, சிங்கப்பூரில் பத்தரை. மில் ஷிப்ட் முடிந்து வருபவர்களும் சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். பராமரிப்பு மின்தடை பகலில் என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆனாலும் மோடத்தை இன்வெர்ட்டரில்தான் மாட்டியிருக்கிறேன், கைபேசி டேட்டாவும் தயாராக இருக்கும். பங்குனிப் பொங்கல் சமயத்தில் குழாய் ஒலிபெருக்கிக்கு மட்டும் மாற்று வழியே கிடையாது. அந்த வாரம் வகுப்பைத் தள்ளிவைப்பதுதான் மரியாதை. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான் கிடைக்கும். அது எனக்குப் போதும். ஒரு கருத்து, ஒரு பிழை, ஒரு பயிற்சி. அதற்கு மேல் கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கண்ணும் தாங்காது.

தமிழில் இதற்குத் துணை இல்லாமல் இல்லை. 2012இல் தொடங்கிய கணியம் இதழில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். ஓபன்-தமிழ் தொகுப்பை நான் சரங்களைப் பற்றிய வகுப்பில் பயன்படுத்துகிறேன். ‘காரியாபட்டி’ என்ற பெயரின் நீளத்தை லென் கொண்டு கேட்டால் 11 என்று வரும், எண்ணிப் பார்த்தால் ஆறு எழுத்து. ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஓபன்-தமிழிடம் கேட்டால் ஆறையும் பிரித்துக் கொடுக்கும். ஆளாளுக்குத் தன் பேரையும் ஊர்ப்பேரையும் போட்டுப் பார்ப்பதால் அன்று அரட்டைப் பெட்டி நிரம்பிவிடும்.

அடுத்த வகுப்புக்கான தயாரிப்பு இந்த வகுப்பின் கேள்விகளிலிருந்தே தொடங்குகிறது. செயற்கூறுகளைப் பற்றிய பாடத்துக்கு வேறொரு உதாரணம் எழுதிவைத்திருந்தேன். மழைக் கணக்கு முடிந்ததும் திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, எங்களுக்கு நாப்பது சென்ட்தான் இருக்கு. அதுக்கு எம்புட்டு லிட்டர்?” நூறு சென்ட் ஓர் ஏக்கர். அப்படியானால் மழையையும் சென்டையும் உள்ளே வாங்கி லிட்டரைத் திருப்பித் தரும் ஒரு செயற்கூறு வேண்டும். இரண்டு உள்ளீடுகள், ஒரு விடை. நான் எழுதிவைத்திருந்ததை எடுத்துவிட்டு, அவளுடைய நாற்பது சென்டைப் பாடத்தின் முதல் கேள்வியாக வைத்துவிட்டேன். 25 மில்லிமீட்டருக்கு 40,470 லிட்டர் வர வேண்டும்.