விமானம் எந்தப் பாடத்தாற் பறக்கிறது?

மாணவரின் வேடிக்கைப் பேச்சை வீண்பேச்சென்று தள்ளிவிடுவது பெரியோர் வழக்கம். "வாயை மூடிக்கொண்டு படி" என்பதே நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் உபதேசம். இருபது ஆண்டுகளாக உயர்தர வகுப்புகளோடு பழகிவரும் நாம் கண்டதோ வேறு. பாடவேளையில் மாணவர் சொல்வது நாம் சொல்லிக்கொடுத்தது. பாடமில்லாத வேளையில் அவர்கள் பேசுவதே அவர்களுடைய சொந்தச் சரக்கு.

அண்மையில் ஒரு மழைநாளில் ஆசிரியர் சிலர் வராமையால், விஞ்ஞானப் பிரிவையும் கலைப் பிரிவையும் ஒரே மண்டபத்தில் இருத்தி மேற்பார்வை செய்யும் பொறுப்பு எம்மைச் சேர்ந்தது. கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் வைத்துக் காப்பது இதனினும் எளிது. சிறிது நேரத்துக்குள் கடதாசி விமானம் ஒன்று தலைகளுக்கு மேலாக மிதந்து வந்து எமது மேசையில் இறங்கியது. எறிந்தவன் யாரென்று நாம் விசாரிக்கவில்லை. "இது எந்தப் பாடத்தாற் பறந்தது?" என்று மட்டும் கேட்டோம். அவ்வளவுதான், மண்டபம் பட்டிமண்டபம் ஆயிற்று.

பௌதிகவியல் மாணவன் ஒருவன் முதலில் எழுந்தான். "இதில் விவாதம் எதற்கு, சேர்? சிறகின் மேற்புறம் வளைந்திருக்கும். அங்கே காற்று விரைந்தோடும், அமுக்கம் குறையும். கீழேயுள்ள அமுக்கம் சிறகை உயர்த்தும். பேணூலியின் தத்துவம்!" என்று முழங்கினான்.

கலைப் பிரிவு மாணவி ஒருத்தி அமைதியாக வந்து, எமது மேசையிலிருந்த கடதாசி விமானத்தை எடுத்துக் காட்டினாள். "இதன் சிறகில் வளைவு எங்கே? தட்டையாகவல்லவா இருக்கிறது?"

பௌதிகம் தடுமாறக் கணிதம் கைகொடுத்தது. "சாய்ந்த சிறகு காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்றுச் சிறகை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி" என்றான் அடுத்த வாங்கில் இருந்தவன். இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்களே என்று நாம் சமாதானஞ் செய்தோம். சிறகின் முன்விளிம்பிற் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் வந்து கூடவேண்டும் என்று பலரும் நம்பும் கதை மட்டும் பிழையானது. மேலே செல்லும் காற்று முந்தியே போய்விடுகிறது. "வீதியில் எங்கள் மினிபஸ்கள் போல" என்றது பின்வாங்கு.

இரசாயனவியலுக்கும் பங்கு வேண்டியிருந்தது. "உடல் அலுமினியக் கலப்புலோகம், குடிப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருள். நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் விதிகள் தரையிலேயே நிற்கும்" என்றான் ஒருவன். அந்த எண்ணெயின் பெயரைக் கேட்டதும் எமக்கு 1990களின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. போத்தல் விளக்கின் சிறு திரியைச் சுற்றியிருந்து நாம் படித்த நாட்களில், மண்ணெண்ணெய் துளித்துளியாக எண்ணப்பட்ட பொருள். வானத்தில் விமான இரைச்சல் கேட்டால் அந்த விளக்கையும் ஊதி அணைத்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். இன்று எம் மாணவருக்கு அதே இரைச்சல் பிரயாண ஆசையை மூட்டுகிறது. அது நல்லதே.

வரலாற்று மாணவன் பொறுமையிழந்தான். "1903 டிசெம்பர் 17இல் முதன்முதற் பறந்த ரைட் சகோதரர் எந்தப் பிரிவிற் படித்தார்கள்? இருவரும் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்களல்லர். சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். பறந்தது 12 செக்கன், 120 அடி!"

"அப்படியானால் சைக்கிளோடும் யாழ்ப்பாணத்தார் எல்லோரும் இந்நேரம் பறந்திருக்க வேண்டுமே" என்றது பௌதிகம்.

"பறந்துகொண்டுதானே இருக்கிறோம்" என்று யாரோ சொல்ல, மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பின் அடியில் என்ன கிடந்தது என்பது அப்போது எமக்கு விளங்கவில்லை.

புவியியல் மாணவி தேசப்படத்தை விரித்தாள். பலாலியின் அகலக்கோடு ஏறக்குறைய 9.8 பாகை. இரத்மலானை 6.8, சென்னை விமான நிலையம் 13. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் வீதம் கணித மாணவன் பெருக்கினான். தெற்கே சுமார் 330; வடக்கே சுமார் 355. "கொழும்புக்கும் சென்னைக்கும் நடுவீட்டுப் பிள்ளைகள் நாங்கள்" என்றாள் அவள். வரலாறு உடனே சேர்ந்துகொண்டது: எயர் சிலோன் 1947 டிசெம்பர் 10இல் ஆரம்பித்த முதற்சேவையே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான். பின்னர் நெடுங்காலம் அறுந்து கிடந்த அந்தச் சென்னை வழி, 2019இல் பலாலி சர்வதேச நிலையமான பின்னரே மீண்டும் திறந்தது.

அவன் அதோடு நிற்கவில்லை. யுத்தகாலத்தில், 1943 முதல் 1945 வரை, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் காலிக்கருகிலுள்ள கொக்கல வாவிக்குமிடையே பறந்த கற்றலினா விமானங்களையும் இழுத்து வந்தான். எங்கும் இறங்காமல் 27 முதல் 33 மணிநேரம் வரை பறந்தமையால், ஏறியவர்கள் ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் கண்டார்கள். "இரண்டு விடியலென்றால் இரண்டு காலைச் சாப்பாடு!" என்று கணக்கு முடித்தது பின்வாங்கு.

ஈற்றில் தமிழ் எழுந்தது. "நீங்களெல்லாம் நேற்று வந்தவர்கள். பாகன் செலுத்தாமல் தானே செல்லும் வான ஊர்தியைப் புறநானூறு பேசுகிறது. விமானியில்லாத விமானம் எங்களிடம் எப்போதோ உண்டு" என்றாள் தமிழ் படிக்கும் மாணவி.

பௌதிகன் விட்டுக்கொடுப்பானா? "ஓம், ஆனால் அதில் ஏற முதலிற் சாகவேண்டும். எங்களுக்கு வேண்டியது திரும்பிவரும் டிக்கெட்."

எல்லோரும் கைதட்டிச் சிரித்தனர். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்த பொருளியல் மாணவன், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவன், மெதுவாகச் சொன்னான்: "எங்கள் வீட்டிலிருந்து மூன்று அண்ணாமார் போனார்கள், சேர். மூன்றும் ஒருவழி டிக்கெட். மூன்று முறையும் அம்மா கட்டுநாயக்கா வரை போய் அழுதுவிட்டு வந்தார்."

மண்டபத்தில் மழையின் ஓசை மட்டும் கேட்டது. சிரித்தவர்களுள் அண்ணனோ அக்காவோ மாமாவோ அவ்வாறு போகாத பிள்ளை எத்தனை பேர்?

அறிவுரை சொல்லும் நேரமல்ல அது. தமிழ் மாணவியைப் பார்த்து, "சீவக சிந்தாமணியில் ஓர் ஊர்தி உண்டே, சொல்" என்றோம். அவள் சொன்னாள்: பகைவன் கட்டியங்காரன் சூழ்ந்தபோது, சச்சந்தன் கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் போரில் மாண்டான். பொறி சுடுகாட்டில் இறங்கியது. அங்கே சீவகன் பிறந்தான்.

"அதுவும் ஒருவழிப் பிரயாணமே. ஆனால் பிள்ளை வளர்ந்து வந்து தன் நாட்டை மீட்டான்" என்றோம் நாம்.

"பிள்ளையை யார் வளர்த்தது?" என்று கேட்டான் கடைசி வாங்கு மாணவன்.

"கந்துக்கடன் என்னும் வணிகன்" என்றாள் அவள்.

அவன் முகத்தில் மெல்ல ஒரு குறும்பு படர்ந்தது. "எங்கள் அண்ணாமாரையும் அங்கே ஒரு கடன்தான் வைத்திருக்கிறது, சேர். வீட்டுக்கடன். அது விட்டால் வருவார்கள்!"

இம்முறை எழுந்த சிரிப்பில் எல்லாப் பாடங்களும் ஒன்றாயின. எவனுடைய வார்த்தை மண்டபத்தை வாய்மூட வைத்ததோ, அவனே அதைத் திறந்துவிட்டான். அந்தச் சிலேடைக்குப் பொருளியலும் இலக்கியமும் சமபங்கு தந்தன. ஆற்றமுடியாத துயரைத் தூக்கிச் செல்லவும் ஒரு சிறகு வேண்டும். எம் பிள்ளைகளுக்கு அது வேடிக்கைப் பேச்சாக முளைத்திருக்கிறது. அதை ஒடித்துவிடாதிருப்பது பெரியோர் கடன்.

எந்தப் பாடத்தை எடுத்தாற் பிள்ளை பறக்கலாம் என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. கலைப் பிரிவென்றால் முகம் சுளிப்பவருமுண்டு. அவர்களுக்குச் சொல்ல மயிற்பொறியின் செய்தி ஒன்று எம்மிடம் இருக்கிறது. அதன் விசையை வலப்புறம் திருப்பினால் மேலெழும். இடப்புறம் திருப்பினால் தரையிறங்கும். தேவி இரண்டையும் பழகியிருந்தாள். நாமோ நம் பிள்ளைகளுக்கு வலப்புறத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கிறோம்.