கடற்கொள்ளைக்காரன் யார்? - எங்கள் வகுப்பு செய்த படப்புத்தகம்



உங்களில் ஆசிரியராக இருக்கும் மூன்று பேர் "அந்தக் கடற்கொள்ளைக்காரன் புத்தகத்தை எப்படிச் செஞ்சீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம். நாலாம் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒடிசா, பீகாரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தமிழ் வராது, கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்த ஆள் ஒருவன் தேவைப்பட்டான். கார்ட்டூனில் வரும் ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரன் கிடைத்தான். படம் பெரிதாக, பக்கத்துக்கு ஒரே வரியாக, 16 பக்கத்தில் புத்தகம் செய்ய ஆரம்பித்தோம். அட்டைக்குப் பழைய அட்டைப்பெட்டி, தைக்கச் சாக்கு ஊசி. 'கப்பல்' என்று எழுதினால் அதன் கீழே 'ஜஹாஜ்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதினோம்.

கூடவே விளையாட்டும் உண்டு. டீ டிகாஷனில் நனைத்துக் காயவைத்த தாளில் புதையல் வரைபடம். "வகுப்பு வாசலிலிருந்து கிழக்கே 12 அடி, வேப்பமரத்திலிருந்து வடக்கே 8 அடி" என்று திசையும் அளவும் அதிலேயே படித்துவிட்டார்கள். புதையல் புளியங்கொட்டைதான். அதைப் பங்கு பிரித்ததில் வகுத்தல் கணக்கு வந்துவிட்டது. "திருடனைப் பத்தியெல்லாம் பாடமா?" என்று ஒரு அப்பா கேட்டார். வகுத்தல் கணக்கு நோட்டைக் காட்டினேன், சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு பையன் கேட்டான்: "நம்ம கடலுக்கு அவன் வந்திருக்கானா டீச்சர்?"

நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டைப் பற்றிச் சொன்னேன். 1613-இல் டச்சுக் கம்பெனி அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. இன்று அது புதர் மூடிய இடிபாடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். படத்தைக் காட்டியதும் "கொள்ளைக்காரன்!" என்று வகுப்பே கத்தியது. "இல்லை, கணக்குப் புத்தகம் வைத்து வியாபாரம் செய்தவர்கள்" என்றேன். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள். பஞ்ச காலத்தில் பசிக்கு விலைபோன நம் ஜனங்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள்.

இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று முந்தின நாள் ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். அடி, உதை, ரத்தம் எதுவும் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்வோம் என்று முடிவு செய்தேன்.

குஞ்ஞாலி மரைக்காயர் கதையையும் சொன்னேன். கோழிக்கோடு சாமூத்திரியின் கடற்படைத் தலைவர்கள் அவர்கள். போர்ச்சுக்கீசியர் கொள்ளைக்காரர் என்றார்கள். நான்காம் குஞ்ஞாலியை 1600-இல் கோவாவில் கொன்றார்கள். இன்று நம் கடற்படை மும்பையில் ஒரு தளத்துக்கே அந்தப் பெயரை வைத்திருக்கிறது. கரும்பலகையில் கோடு கிழித்து, 'கொள்ளைக்காரன்', 'இல்லை' என்று இரண்டு பக்கம் பிரித்தோம். பிள்ளைகள் போட்ட சண்டையில் மணி அடித்ததே கேட்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்த பீகார் பெண் குழந்தை அதுவரை வாயே திறந்ததில்லை. அவள் மெதுவாக ஏதோ கேட்டாள். பக்கத்துப் பையன், "அந்தக் கப்பல்ல போனவங்க வீட்டுக்குத் திரும்பி வந்தாங்களான்னு கேக்குறா டீச்சர்" என்றான்.

"நிறையப் பேர் வரலை கண்ணு" என்றேன். வகுப்பு அமைதியானது.

மறுநாள் அவளே 16-ஆம் பக்கத்தை வரைந்து கொண்டுவந்தாள். கொள்ளைக்காரனும் இல்லை, கப்பலும் இல்லை. கரையில் ஒரு வீடு, வாசலில் ஒரு கிழவி. "என்ன எழுதட்டும்?" என்று கேட்டேன். "பாட்டி பாக்குது" என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் தமிழ் அதுதான். ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை, அப்படியே எழுதினேன்.

ஆகவே ஆசிரியப் பிள்ளைகளே, வரைபடம், புளியங்கொட்டை எல்லாம் நீங்களே என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். அதைக் கடைசி வரிசைக்கு விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போய் அந்தக் கல்லறை வாசலைக் காட்டுங்கள். அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்