தரிசு என்று சொல்லாதீர்கள்



பாலைவனம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? அலையலையாய் மணல்மேடுகள், தொலைவில் ஓர் ஒட்டகம், மற்றபடி வெறுமை. இந்தச் சித்திரம் எவ்வளவு குறைபாடுடையது என்பதை, இராஜஸ்தானின் மேற்கெல்லையிலுள்ள பாலைவனத் தேசியப் பூங்காவில் சில நாட்கள் தங்கியபோது கண்கூடாகக் கண்டேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அப்பூங்கா. அதில் மணல்மேடுகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியவை பாறைத்தரை, சரளைக்கல் வெளி, உப்புப் படிந்த பள்ளங்கள், புல்வெளிகள்.

அந்த மண்ணின் பழைய வரலாற்றை அறிய வேண்டுமா? பூங்காவுக்கு வெளியே, ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் செல்லும் சாலையில் சுமார் 17 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக்கல் என்னும் ஊருக்கு வாருங்கள். அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன! ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அப்பகுதி வெப்பமும் ஈரமும் நிறைந்த அடர்காடாக இருந்தது. வீழ்ந்து புதையுண்ட மரங்களுக்குள், நீரில் கரைந்த சிலிக்கா புகுந்து, மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. பின்னர் கடல் வந்தது. ஜெய்சல்மேரின் புகழ்பெற்ற மஞ்சள் சுண்ணாம்புக்கல் அக்கடலடியில் படிந்ததே. கடற்சிப்பிகளின் தடங்களை இன்றும் அப்பாறைகளில் காணலாம். காடாகவும் கடலாகவும் இருந்த இடமே இன்று பாலையாக நிற்கிறது.

மழை மிகக் குறைவான அந்நிலத்தில் தாவரங்கள் எவ்வாறு பிழைக்கின்றன? அங்கே 'கேஜ்ரி' என்று போற்றப்படுவது வேறெதுவுமன்று, நமது வன்னி மரமே. அதன் வேர் மண்ணின் ஆழத்திற்குச் சென்று நீரைத் தேடுகிறது. தழை ஆடுகளுக்குத் தீனியாகிறது. இளங்காய்களை உலர்த்தி வைத்து ஆண்டு முழுதும் கறி சமைக்கிறார்கள். 'போக்' என்னும் புதர், இலைகளை ஏறக்குறைய முற்றிலும் துறந்து, பசுந்தண்டுகளாலேயே உணவு தயாரித்துக்கொள்கிறது. பரந்த வேர்களால் மணலைப் பற்றி நிறுத்துகிறது. நமக்குப் பழக்கமான எருக்கும் அங்கே தழைத்து நிற்கிறது.

இவை அனைத்தினும் மேலானது 'சேவண்' என்னும் புல். கோடையில் காய்ந்த குச்சிகளாய்க் காட்சியளிக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் தூரிலிருந்து பசுமை பொங்கி எழும். பசுக்களும் ஆடுகளும் அதை நம்பியே வாழ்கின்றன. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில் உலவுவதும் முட்டையிடுவதும் அப்புல்வெளிகளில்தான்.

பூங்காவுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதிய முஸ்லிம் பெரியவரை, நம் வீடுகளில் வழங்கும் அதே சொல்லால் "சாச்சா" என்றழைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அவர் இந்தியில் சொன்னார்: "மகனே, இரண்டு வருடம் மழை பொய்த்தாலும் சேவண் சாகாது. டிராக்டர் ஒருமுறை உழுதால் செத்துவிடும்."

அவர் கூற்றில் மிகையில்லை. இந்திரா காந்திக் கால்வாயின் நீர் எட்டிய இடங்களில் புல்வெளிகள் உழப்பட்டு வயல்களாயின. பூங்காவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் சூரிய மின்தகடுகளும் காற்றாலைகளும் பெருகி வருகின்றன. மின்கம்பிகளில் மோதிக் கானமயில்கள் மடிவதால், அவற்றைத் தரைக்கடியில் கொண்டுசெல்லுமாறு 2021இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024இல் அவ்வாணையைத் தளர்த்தி, நிபுணர் குழுவொன்றை அமைத்தது.

தூய மின்சாரம் நாட்டுக்குத் தேவை, இதை மறுப்பாரில்லை. ஆனால், எங்கே நிறுவுவது என்று கேட்கும்போது, "அது வெறும் தரிசுதானே!" என்ற விடை எவ்வளவு எளிதாக வந்துவிடுகிறது! அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் பாலை மணற்பரப்பும் ஒரு வகையாகவே இடம்பெறுகிறது. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால், அங்குள்ள புல்லுக்காகவோ மேய்ப்பருக்காகவோ வாதாட யார் இருக்கிறார்கள்?

ஆகவே, அன்பர்களே! உங்கள் பிள்ளைகள் பாலைவனத்தைப் பற்றிக் கேட்டால், மணலோடும் ஒட்டகத்தோடும் நிறுத்திவிடாதீர்கள். கல்லான காட்டையும், மழைக்காகக் காத்திருக்கும் சேவண் புல்லையும், அதை நம்பி வாழும் மக்களையும் பற்றிச் சொல்லுங்கள்.