பத்திரிகை வைக்காத ஊர்

ரெட்டியார்சத்திரத்தில் வாரக் கடைசி என்று தனியாக ஒன்று கிடையாது. வெண்டையும் கத்தரியும் கிழமை பார்த்துக் காய்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் விடியும் முன்னே காய் பறிக்க வேண்டும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்ற வேண்டும். கறிக்கடை வாசலில் கொஞ்சம் கூட்டம் கூடுதலாக நிற்கும். ஞாயிறுக்கு அவ்வளவுதான் அடையாளம். ஆட்கள் கூடுவதைத் தீர்மானிப்பது முகூர்த்தம். ஆவணியில் ஒரு நல்ல நாள் வியாழக்கிழமை விழுந்தால் அன்றைக்குத்தான் எங்களுக்கு வாரக் கடைசி. வெள்ளனக் கன்னிவாடியில் ஒரு பால் காய்ச்சு, பத்து மணிக்குத் திண்டுக்கல்லில் கல்யாணம், மத்தியானம் செம்பட்டிப் பக்கம் காது குத்து. வீட்டில் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு கிளம்புவோம். எல்லாவற்றுக்கும் பத்திரிகை வந்திருக்கும். வராத வீட்டுப் படியை மிதிக்க மாட்டோம். வந்த வீட்டுக்குப் போகாமலும் இருக்க முடியாது.

இந்தப் பழக்கத்தோடுதான் தென் ஸ்பெயினில் பாயேசா என்ற சிற்றூருக்கு, அரசுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசிப் பழக்கும் வேலைக்குப் போனேன். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் ஊரில் இல்லை. பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, லினாரெஸ் பக்கம் இருக்கிறது. கொடைரோட்டில் இறங்கி அங்கேயே கொடைக்கானல் குளிரைத் தேடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஊரில் சுமார் 16,000 பேர். மஞ்சள் கல்லில் கட்டிய பதினாறாம் நூற்றாண்டு மாளிகைகளுக்காக, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உபெதாவோடு சேர்த்து 2003-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ஆலிவ் மரம். ஊர் இருக்கும் ஹயேன் மாகாணம் முழுக்க ஆறு கோடிக்கும் மேல் என்கிறார்கள். வரிசை பிசகாத அந்தச் சாம்பல் பச்சையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போனால் தூக்கம் வந்துவிடும்.

எனக்குப் பள்ளி வேலை வாரத்தில் நான்கு நாள்தான். வெள்ளி, சனி, ஞாயிறு முழுக்க என் கையில். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை. ஞாயிறு மத்தியானம் நான்கு மணிக்குத் தெருவில் இறங்கினால் ஒரு குஞ்சு இல்லை. கடைகள் அடைப்பு, ஜன்னல் பலகைகள் அடைப்பு. ஊரே எங்கோ ஒரு விசேஷத்துக்குப் போயிருக்கிறது, எனக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை என்றுதான் தோன்றியது.

ஊர் எங்கும் போகவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஸ்பெயினின் நேரமே ஒரு தனிக் கதை. பூமியில் அது இங்கிலாந்துக்கு நேர் கீழே கிடக்கிறது. ஆனால் 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியோடு சேர்த்தது. பின்னால் வந்த யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு பத்துக்கு. பனிக்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். ஆக ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானத்துக்குத் தட்டில் கை வைக்கும்போது, எங்கள் வீட்டில் ராத்திரி ஏழரைக்கு இட்லி எடுத்துக்கொண்டிருப்பார்கள். "இன்னுமாடா மத்தியானம் சாப்பிடல?" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் விளக்குவேன்.

ஆறு மணிக்கு மேல் கதவுகள் திறக்கும். குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு குடும்பம் குடும்பமாக வெளியே வருவார்கள். போக ஓரிடமும் கிடையாது. நடப்பதற்குத்தான் அந்த அலங்காரம். வளைவுத் தூண்கள் வரிசையாக நிற்கும் கான்ஸ்டிட்யூசியோன் சதுக்கத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து இங்கும் நடை. பார்த்தவர்களையே மறுபடி பார்த்து, மறுபடி நின்று பேசுவார்கள். பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கும் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும், யாரும் அதட்ட மாட்டார்கள்.

நடை முடிந்தால் பார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஆட்களுக்கு டாஸ்மாக் பக்கத்துத் தகரக் கொட்டகைதான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இங்கே பாருக்குள் தள்ளுவண்டியில் கைக்குழந்தை தூங்கும். பக்கத்து ஸ்டூலில் எண்பது வயதுப் பாட்டி, உதட்டுச் சாயம் கலையாமல் உட்கார்ந்திருப்பார். சின்னக் கிளாஸ் பீர் ஒன்று கேட்டால் அதோடு ஒரு சின்னத் தட்டில் தின்ன ஏதாவது வரும். அதற்குத் தனிக் காசு இல்லை. ஸ்பெயினில் எல்லா ஊரிலும் இப்படிக் கிடையாது. ஹயேன், கிரனாதா, அல்மெரியா பக்கத்தில் விடாமல் வைத்திருக்கிறார்கள். பீர் வேண்டாம் என்றால் 'மொஸ்தோ' என்ற திராட்சைச் சாறு, அதற்கும் தட்டு உண்டு. என்ன வரும் என்பது பார்க்காரர் இஷ்டம். பெரும்பாலும் பன்றி. மாட்டேன் என்பவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை.

ஒரு கடையில் ஒரு கிளாஸ், அடுத்த கடைக்கு நடை. நாலு பேர் போனால் ஒவ்வொரு கடையிலும் ஒருவர் எல்லோருக்குமாகக் காசு கொடுப்பார். எனக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் இது அப்பட்டமான மொய். நோட்டுப் போட்டு எழுத ஆள் உட்காரவில்லையே தவிர, யார் கொடுத்தார், யார் இன்னும் கொடுக்கவில்லை என்பது எல்லோர் மனசிலும் கணக்காக இருக்கிறது. நம் மொய் பத்து வருஷம் கழித்துத் திரும்பலாம், இது அரை மணி நேரத்தில் திரும்பியாக வேண்டும். திருப்பாதவரை யாரும் கேட்பதில்லை. அடுத்த வாரம் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார்கள், அவ்வளவுதான்.

பெரிய வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. இத்தனை தோள் தட்டலுக்கும் கன்ன முத்தத்துக்கும் பிறகும் யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ரெட்டியார்சத்திரத்தில் முதல் நாளே திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, சாதி தெரிந்துகொள்கிற வரை பேச்சுக் கொடுத்து, அதற்கப்புறம்தான் உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். பாயேசாவில் யாருடைய பிள்ளை என்று யாரும் துருவவில்லை. கதவும் திறக்கவில்லை. வீடு குடும்பத்துக்கு, தெரு மற்ற எல்லோருக்கும். தெருவில் உனக்கு இடம் வேண்டுமானால் ஒரே நேரத்துக்கு, ஒரே கடைக்கு, வாரா வாரம் வர வேண்டும். பத்திரிகை கிடையாது என்பதால் வராததற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வந்ததற்கு நன்றியும் சொல்வதில்லை. ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டு அடுத்த வாரம் போனபோது, பார்க்காரம்மா "போன வாரம் எங்கே போனாய், மகனே?" என்று கேட்டார். அவர் எல்லோரையும்தான் மகனே என்பார். இருந்தாலும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலத்தான் இருந்தது.

எனக்கு முன்னால் இந்த ஊரில் மொழி கற்பிக்க வந்து வாரக் கடைசியோடு மல்லுக்கட்டியவர் ஒருவர் உண்டு. கவிஞர் அந்தோனியோ மச்சாதோ. இளம் மனைவி லியோனோர் 1912 ஆகஸ்டில் இறந்துபோக, அவள் வாழ்ந்த சோரியாவில் இருக்க மாட்டாமல், அந்த நவம்பரில் பாயேசா பள்ளிக்கு பிரெஞ்சு ஆசிரியராக வந்தார். 1919 வரை இருந்தார். அவர் பாடம் நடத்திய அறையை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஊர் அவருக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் சாயங்காலமானால் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடிப் பேசும் சபையில் போய் உட்காருவார். மழை, விளைச்சல், அரசியல் என்று அரைத்த மாவையே அரைக்கும் சபை. அதையும் கவிதையில் கிண்டலாக எழுதி வைத்தார். கிண்டல் செய்துகொண்டே போய்க்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குப் பிடித்தது. 1916-இல் மாணவர்களோடு சுற்றுலா வந்த ஓர் இளைஞன் அவரை இங்கே சந்தித்தான். பின்னாளில் கவிஞனான அவன் பெயர் ஃபெதெரிக்கோ கார்சியா லோர்க்கா. ஃபிராங்கோ காலத்தில், 1966-இல், மச்சாதோவுக்கு ஊரில் மரியாதை செய்யக் கூடியவர்களைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. அன்றைக்கு வைக்க இருந்த சிலையை 1983-இல்தான் வைக்க முடிந்தது. மதில் ஓரத்து நடைபாதையில், குவாதல்கிவீர் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கிறது.

டிசம்பர் வந்ததும் இந்த வாரக் கடைசி ஒழுங்கெல்லாம் கலைந்தது. ஆலிவ் அறுவடை. என்னோடு வேலை பார்த்த ஆசிரியர்கள், வங்கிக்காரர், பார்க்காரம்மாவின் தம்பி என்று பாதி ஊருக்கு நூறோ இருநூறோ மரம் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு தோப்பில்தான். நானும் ஓர் ஆசிரியரின் குடும்பத்தோடு போனேன். மரத்தடியில் வலை விரித்து, நீளக் கம்பால் கிளைகளை அடித்து உதிர்க்க வேண்டும். வசதியுள்ளவர்கள் மரத்தையே பிடித்து உலுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். பத்து மணிக்கு நெருப்பு மூட்டி, ரொட்டியில் குழி தோண்டி எண்ணெய் ஊற்றி, உப்புக் கருவாட்டோடு தின்றார்கள். அங்கேதான் முதல்முறையாக ஊர்க்காரர்கள் என்னிடம் என் அப்பாவுக்கு எத்தனை ஏக்கர், தண்ணீர் எப்படி, தக்காளி என்ன விலை என்று கேட்டார்கள். சதுக்கத்தில் அத்தனை மாதம் பழகியும் வராத கேள்விகள். அதே நேரம் எங்கள் ஊர் ரோட்டில் தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கிறவர்களுக்கு அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார், போனில் காட்டினேன். "இவ்வளவு பேரும் உங்கள் விருந்தாளிகளா?" என்றார் ஆசிரியரின் மாமியார். முகம் தெரியாதவர்களுக்கும் ஊற்றுவோம் என்றதை அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

தோப்புக்காரர்கள் போதாமல் அறுவடைக்கு மாலி, செனகல், மொராக்கோவிலிருந்து கூலியாட்கள் வருகிறார்கள். அவர்களுக்கென்று தங்கும் விடுதிகள் நடக்கின்றன. ஞாயிறு சாயங்காலம் அவர்களைச் சதுக்கத்தில் பார்த்ததில்லை. பஸ் நிலையத்துப் பெஞ்சுகளில்தான். தெரு எல்லோருக்கும் என்று மேலே எழுதியதை அந்தப் பெஞ்சுகள் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. என் கையில் பள்ளிக்கூட வேலை இருந்தது, அதனால் எனக்கு ஸ்டூல் கிடைத்தது.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண் தானாகப் போகிறது. நூல் மில்களில் வேலை செய்யும் பீகார், ஒடிசாப் பையன்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாக நடக்கிறார்கள். செல்போன் கடை, பானிபூரி வண்டி, திரும்பவும் பஸ். அவர்களுக்குப் பத்திரிகை வைக்க இங்கே யாரும் இல்லை. பத்திரிகை இல்லாமல் உட்கார நம் ஊர்களில் டீக்கடை பெஞ்சை விட்டால் வேறு இடமும் இல்லை.

அந்தப் பெஞ்சைத்தான் நானும் பிடித்தேன். பாயேசாப் பழக்கத்தில் ஞாயிறு ஆறு மணிக்கு, பழனி ரோட்டு டீக்கடை ஒன்றில், வாரா வாரம். முதல் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் எங்கே வேலை என்று விசாரித்தார்கள். அதற்கடுத்த வாரம் மாஸ்டர் டீயை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்ன தம்பி, வேலை எதும் போயிருச்சா?" என்றார். இல்லை அண்ணே, சும்மாதான் என்றேன். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேர் அப்பாவிடம் துக்கம் விசாரித்தார்கள். ஒருவர் கோயம்புத்தூரில் தெரிந்த கம்பெனி ஒன்றின் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார்.