நான் போட்ட பிழை



முட்டை, வாற்பேத்தை, தவளை. இருபது வருஷமாகக் கரும்பலகையில் இதைத்தான் வரைகிறேன். போன கிழமை தரம் 6 பிள்ளையொன்று வாற்பேத்தை இல்லாமல் படம் வரைந்திருந்தது. "எங்கட வளவு மண்ணுக்குள்ள கிடந்த முட்டைக்குள்ள குட்டித் தவளைதான் இருந்திச்சு சேர்" என்றது. பிழை போட்டேன்.

அன்றிரவு மனம் கேட்காமல் தேடிப் படித்தேன். பிள்ளை சொன்னது சரி. நம் ஈர வலயத் தாழ்நிலத்து வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாக வாழும் ஒரு பற்றைத் தவளை, சூடோபிலோட்டஸ் பொபியுலாரிஸ். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் 2005இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். (நான் படித்த புத்தகத்தில் எப்படி இருக்கும்!) அப்போது பிலோட்டஸ் என்ற பேரினத்தில் இருந்தது, 2009இல் சூடோபிலோட்டஸ் ஆனது.

இந்தப் பேரினத்தில் இலங்கையில் மட்டும் 70க்கு மேற்பட்ட இனங்கள். குளமோ ஓடையோ தேவையில்லை. பெரும்பாலும் பெண் தவளை ஈர மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஆனால் நிழல் போனால் மண் காயும், முட்டையும் காயும். வளவுத் தவளை எப்படியோ சமாளிக்கிறது. சிங்கராஜா, கன்னெலியா மாதிரியான மழைக்காடுகளுக்குள் ஒதுங்கிவிட்ட அதன் சொந்தங்களால் முடியாது. 15க்கு மேற்பட்ட இனங்கள் அழிந்தே போய்விட்டன.

அடுத்த நாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் கொப்பியை வாங்கிச் சரி போட்டேன். பிள்ளையின் வாப்பா டெங்குவுக்குப் பயந்து வளவைத் துப்புரவாக்கப் போகிறாராம். சிரட்டை, டயர் எல்லாவற்றையும் எடுங்கள், அந்தப் பற்றையையும் அடியில் கிடக்கும் சருகையும் மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.