ஸ்கோப்பு வாங்கலையோ ஸ்கோப்பு!

முன்குறிப்பு: இது மான் வேட்டை சம்பந்தப்பட்ட பதிவு. "ஐயோ பாவம் மான்"னு நினைக்கிற மக்கள் இங்கயே யூ டர்ன் அடிச்சிடலாம். கண்டிப்பா கோச்சுக்க மாட்டேன் :-)

புதுசா ரைஃபிள் வாங்கியிருக்கிற ஒரு தம்பி கொஞ்ச நாளா என்னை விடாம கேட்டுக்கிட்டிருக்கார். "அண்ணே, 200 டாலர் ஸ்கோப் போதுமா? இல்ல கடனை உடனை வாங்கியாவது 2000 டாலர் ஸ்கோப்புக்குப் போயிடவா?" போன்ல சொல்லி மாளலை. அதான் பதிவாவே போட்டுடலாம்னு.

நம்ம ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதுக்கு 1991-ல வந்த திருத்தமும் சேர்ந்து பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வெச்சாச்சு. நல்ல காரியம். ஆனா நான் இருக்கிற டெக்சாஸ்ல நிலைமை தலைகீழ். ஓநாய்களை எப்பவோ ஒழிச்சுட்டாங்க. வெள்ளைவால் மான் எக்கச்சக்கமாப் பெருகிக் கிடக்கு. லைசென்ஸ் எடுத்து, சீசன்ல, எண்ணிக்கைக்கு உட்பட்டு சுடலாம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடுற 11 சதவீத வரி, 1937-ல வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகுது. சுடுறவன் காசுலதான் காடும் பிழைக்குது. விசித்திரமான ஊர்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஸ்கோப்புக்குக் கொடுக்கிற காசு எங்க போகுது? முதல்ல வெளிச்சம்.

மான் உச்சி வெயில்ல வந்து போஸ் கொடுக்காது. விடியுற நேரத்துலயும் பொழுது சாயுற நேரத்துலயும்தான் வெளிய வரும். சூரியன் உதிக்க அரை மணி முன்னாடியிலிருந்து, மறைஞ்சு அரை மணி வரைக்கும் சுட இங்க அனுமதி உண்டு. அந்தக் கடைசி இருபது நிமிஷத்துக்காகத்தான் பெரிய பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் நம்ம பர்ஸ்ல கை வைக்கிறாங்க.

பூச்சு இல்லாத கண்ணாடியில ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போயிடும். ஸ்கோப்புக்குள்ள பத்து பரப்பு இருந்தா மூணுல ஒரு பங்கு வெளிச்சம் அவுட். 1935-ல ஜெர்மனியில, கார்ல் ஸைஸ் கம்பெனியில வேலை பார்த்த அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா இதுக்கு ஒரு மெல்லிய பூச்சைக் கண்டுபிடிச்சார். அன்னிக்கு அது பெரிய ரகசியம். இன்னிக்கு 200 டாலர் ஸ்கோப்புலயே பல அடுக்குப் பூச்சு வந்தாச்சு. அதனால வெளிச்ச விஷயத்துல மலிவான ஸ்கோப் ஒண்ணும் மோசம் இல்லை. 2000 டாலர் ஸ்கோப்புல பார்த்தா படம் ஓரம் வரைக்கும் துல்லியமா இருக்கும், எதிர்வெயில்ல வெளிறாது, புதருக்குள்ள நிக்கிற மான் தனியாத் தெரியும். இதெல்லாம் நிஜம். ஆனா பத்து மடங்கு காசுக்குப் பத்து மடங்கு வெளிச்சம் கிடைக்காது. அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ கூடக் கிடைக்கும், அவ்வளவுதான்.

அதுலயும் பாதியை ஓசியில வாங்கலாம்! கணக்கு சிம்பிள். முன்பக்க லென்ஸோட அளவை உருப்பெருக்கத்தால வகுத்தா, கண்ணுக்கு வந்து சேருற ஒளிக்கற்றையோட அகலம் கிடைக்கும். சாதாரண 3-9x40 ஸ்கோப்பை 9-ல வெச்சா 40/9, அதாவது 4.4 மி.மீ. அதையே 6-க்குத் திருப்பினா 6.7 மி.மீ. இருட்டுல இளவட்டத்தோட கண்மணி 7 மி.மீ. வரைக்கும் விரியும். அம்பதைத் தாண்டினவங்களுக்கு 5 மி.மீ. விரிஞ்சாலே பெருசு. மசங்கின நேரத்துல ஸ்கோப்பை 9-லயே வெச்சுக்கிட்டு "ஒண்ணுமே தெரியலையே"ன்னு புலம்புறவங்க எத்தனை பேர் தெரியுமா? வளையத்தைத் திருப்புங்கப்பா, ஒரு சென்ட் செலவில்லை.

விலை கூடின ஸ்கோப்புக்குன்னே பொருத்தமான இடமும் இருக்கு. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் ராத்திரி நிலா வெளிச்சத்துல, மரப்பரண் மேல உட்கார்ந்து காட்டுப்பன்றி வேட்டையாடுற வழக்கம் உண்டு. 8x56 ஸ்கோப் அங்க பிறந்த பிள்ளை. 56/8 போட்டுப் பாருங்க, கச்சிதமா 7 மி.மீ. வரும். நிலா வெளிச்சத்துல சுடுறவனுக்கு ஒவ்வொரு சொட்டு வெளிச்சமும் வேணும். சூரியன் மறைஞ்சு அரை மணியில கடையைக் கட்டவேண்டிய டெக்சாஸ்காரனுக்கு அது எதுக்கு?

அடுத்தது உறுதி. என்னைக் கேட்டா உண்மையிலேயே காசு கொடுக்கவேண்டிய இடம் இதுதான்.

லானோ பக்கம் நாங்க குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்துல நடந்தது. கூட வந்த நண்பர் ரொம்ப நல்லா சுடுவார். ரைஃபிள்ல மாட்டியிருந்தது ரொம்ப மலிவான ஒரு ஸ்கோப், பேர் வேணாம். சீசனுக்கு முன்னாடி காகிதத்துல சுட்டு, சரியா ஜீரோ பண்ணித்தான் வெச்சிருந்தார். அப்புறம் டிரக்குல, கரடுமுரடான பாதையில ரெண்டு வாரம் அலைஞ்சிருக்கு. உள்ள இருக்கிற குறுக்குக்கோடு கொஞ்சம் நகர்ந்துட்டது வெளிய பார்த்தா தெரியாதே.

சாயங்காலம் 150 கெஜத்துல ஒரு மான், இடது பக்கம் பார்த்து நின்னுது. நெஞ்சுக்குத்தான் குறி வெச்சார். குண்டு வலது பக்கம் தள்ளிப் போய் வயித்துல பட்டுச்சு. மான் துள்ளி ஓடிடுச்சு. நெஞ்சுல பட்டா நூறு கெஜத்துக்குள்ள விழுந்துடும். வயித்துல பட்டா மணிக்கணக்கா உசுரோட கிடந்து சாகும். உடனே துரத்தினா இன்னும் தூரமா ஓடும். காத்திருந்து, டார்ச் வெச்சுக்கிட்டு ரத்தச் சொட்டைத் தேடித் தேடிப் போனோம். நடு ராத்திரியில அந்தச் சொட்டும் நின்னு போச்சு. மறுநாள் காலையிலதான் மான் கிடைச்சுது. அதுக்குள்ள கயோட்டி பாதியைத் தின்னுட்டுப் போயிருந்தது. நண்பர் அதுக்குப் பக்கத்துல ரொம்ப நேரம் பேசாம நின்னுக்கிட்டிருந்தார்.

திரும்பி வந்ததும் அந்த ரைஃபிளைக் காகிதத்துல சுட்டுப் பார்த்தோம். 100 கெஜத்துல அஞ்சு அங்குலம் வலது பக்கம் தள்ளி அடிக்குது. அப்ப 150 கெஜத்துல ஏழரை அங்குலம். மானோட உயிர்நிலை, அதான் நெஞ்சுப் பகுதி, மொத்தமே சுமார் 8 அங்குல வட்டம். நடுவுலேருந்து நாலு அங்குலம் தள்ளினாலே கதை கந்தல். காசு மிச்சம் பண்ணினதுக்கான விலையை அந்த மான் கொடுத்துச்சு.

ஆக, தள்ளுபடி மேடையில கிடக்கிற 60 டாலர் ஸ்கோப்பு வேணவே வேணாம். 400, 500 டாலர் ரேஞ்சுலயே அதிர்ச்சி தாங்குற, திருப்பின கிளிக்குக்கு சரியா நகர்ற ஸ்கோப்பு கிடைக்குது. அதுக்கு மேல போகப் போக உறுதி அவ்வளவா கூடாது, வசதிகள்தான் கூடும்.

அந்த வசதியிலதான் ஆசை காட்டுவாங்க. 25 மடங்கு உருப்பெருக்கம், உசரமான திருகுகள், வலை மாதிரி கோடு போட்ட ரெட்டிகிள். 600 கெஜம், 800 கெஜம்னு சுடுற போட்டிக்காரங்களுக்கு அதெல்லாம் அவசியம். நமக்கு? சாதாரண மான் ரைஃபிளை 200 கெஜத்துக்கு ஜீரோ பண்ணிட்டா, 100 கெஜத்துல ரெண்டு அங்குலத்துக்குள்ள மேல போகும், அவ்வளவுதான். 200 வரைக்கும் எந்தத் திருகையும் தொட வேணாம், நெஞ்சைக் குறிவெச்சா போதும். அதுக்கு மேல தூரத்துல நின்னா, கிட்ட போங்க, இல்ல விட்டுடுங்க.

தங்கமணி கிட்ட ஒரு தடவை 2000 டாலர் ஸ்கோப்போட அருமை பெருமையெல்லாம் விளக்கிக்கிட்டிருந்தேன். பொறுமையா கேட்டுட்டு, "ஏங்க, மான் விலையைப் பார்த்துட்டா விழப்போகுது?"ன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது :-)

தம்பிக்கு நான் சொல்ற பட்ஜெட் இதுதான். ஸ்கோப்புக்கு 500. அதைப் பிடிக்கிற வளையமும் அடிப்பிளேட்டும் நல்லதா வாங்கிக்கணும், திருகாணியை டார்க் ஸ்குரூடிரைவர் வெச்சு, கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்கணும். "ஸ்கோப்பு சரியில்லை"ன்னு சொல்ற புகார்ல பல, இந்தத் திருகாணியில வந்து நிக்கும். அடுத்தது ஒரு நல்ல 8x42 பைனாகுலர். புதர்ல ஏதோ அசையுதேன்னு ஸ்கோப் வழியா பார்த்தா, துப்பாக்கி முனையும் அங்கதானே நீட்டிக்கிட்டிருக்கும்? அங்க நிக்கிறது மனுஷனா இருந்தா? தேடுறதுக்கு பைனாகுலர், சுடுறதுக்கு மட்டும்தான் ஸ்கோப். இங்க சில கவுன்டிகள்ல கொம்போட உள் அகலம் 13 அங்குலம் இருக்கான்னு பார்த்துத்தான் ஆண் மானைச் சுடணும். அதுக்கும் பைனாகுலர்தான் தோது.

மிச்சக் காசு மொத்தமும் தோட்டாவுக்கு. வருஷம் முழுக்க உட்கார்ந்து, மண்டி போட்டு, குச்சியில சாய்ச்சுன்னு சுட்டுப் பழகணும். சீசன் தொடங்குறதுக்கு முந்தின வாரம் காகிதத்துல மூணு குண்டு. ஸ்கோப்பு கீழ விழுந்தா, டிரக்குல அடிபட்டா, சந்தேகம் வந்தா, மறுபடி மூணு குண்டு. அந்த மூணு குண்டோட விலை பத்து டாலருக்குள்ளதான்.

பி.கு.: எச்1பி மாதிரி விசாவுல இருக்கிற நண்பர்கள் கவனிக்க. அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி நீங்க துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விதிவிலக்கு உண்டு. டெக்சாஸ்ல வேட்டையாட, 1971 செப்டம்பர் 2-ம் தேதியோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிச்சிருக்கணும். ஸ்கோப்பை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல வகுப்புக்குப் போங்க தம்பி!