வடக்குச் சுவர்

எங்க ஊர் சீயமங்கலம். செஞ்சிப் பக்கம்னு சொன்னாதான் காலேஜ்ல பாதி பேருக்குப் புரியுது. எங்களுக்குக் குளிர்காலம்னா ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். அதுக்கு முன்னாடி, புரட்டாசி கடைசிக்குள்ள வீட்டோட வெளிவேலையை முடிச்சாகணும்.

எங்களுது மண்சுவர், நாட்டு ஓடு. குரங்கு குதிச்சு நகர்ந்த ஓட்டை அப்பா சரி பண்ணுவார். கீழ நின்னு எடுத்துக் கொடுக்குறது நான். ஒழுகுறது பெரிய விஷயமே இல்லைங்க, குண்டான் வெச்சுச் சமாளிக்கலாம். பயமெல்லாம் வடக்குச் சுவர் மேலதான். வாடைக்காத்தோட வர்ற சாரல் நேரா அதுலதான் அடிக்கும். கீத்துத் தட்டி கட்டி மறைக்கணும். இறவாணத்துத் தண்ணி சுவரடியில நிக்காம வாய்க்கா வெட்டி விடணும்.

(எங்க ஊர்லயே 7-ம் நூற்றாண்டுல மகேந்திரவர்மன் பாறையைக் குடைஞ்சு கோயில் கட்டினார். ஓடு மாத்துற வேலையே இல்லை. கொடுத்து வெச்ச மகராசன்!)

2024ல செமஸ்டர் பரீட்சைன்னு நான் வரலை. அப்பா தனியா ஓட்டை மட்டும் பார்த்தார், தட்டி கட்டலை. நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல். மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 செ.மீ. மழை. எங்க பக்கமும் விடாம அடிச்சுது. மழை முழுக்க சுவர் நின்னுச்சு. ரெண்டு நாள் கழிச்சு வெயில் வந்து காயறப்ப பொத்துனு சரிஞ்சுது. ஆயா எப்பவும் படுக்குற இடம் அது. அன்னைக்குத் திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க.

அப்பா திரும்பவும் மண்ணாலயேதான் எழுப்பினார். கையில இருந்த காசு அவ்வளவுதான்.

அடுத்த புரட்டாசியில தட்டி கட்டினது நான். ஒரு முடிச்சும் இறுக்கமா இல்லைன்னு ஆயா எல்லாத்தையும் அவிழ்க்கச் சொல்லிட்டாங்க.